கேட் திறந்தவனின் டெக்சாஸ் பயணம்

அமெரிக்காவுக்குப் போகிறவனிடம் சொந்தக்காரர்கள் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, யாராவது ஒருத்தருக்குப் பிடித்த கருவாடு. நான் வவுனியாவில் இருந்து புறப்பட்ட அன்று அத்தான் வெறுங்கையோடு வந்தார். அத்தான் என்றால் என் இறந்துபோன அக்காவின் கணவர். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாரம் சரி என்றார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்.

"அந்த மிஸ்ஸிட்டை ஒண்டே ஒண்டு கேட்டுக்கொண்டு வா. அண்டைக்கு நீ கேட்டைத் திறக்காட்டி அவை என்ன செய்திருப்பினம்?"

பதினாறு வருடமாக அத்தான் என்னோடு மழை பற்றிப் பேசுவார், நெல் பற்றிப் பேசுவார், முழங்கால் வலி பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். கேட்டைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோக்காரர் ஸ்டார்ட் செய்துவிட்டார்.

விஷயம் இதுதான். கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் நான் களஞ்சியக் காப்பாளனாக இருந்தேன். தறப்பாள், வாளி, சவர்க்காரம், நுளம்பு வலை எல்லாம் என் பொறுப்பு. சாவிகளும் என் பொறுப்பு. கடைசிச் சண்டைக்கு முந்தின வருடம் வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைக் கேள்விப்பட்டுச் சனம் வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் இருக்கும் இடத்தில் ஷெல் விழாது என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டு நாள் அப்படியே இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் நான் கேட்டைத் திறந்தேன். முன்வரிசையில் இருந்த என் அக்காவை எழும்பச் சொன்னதும் நான்தான். அக்கா எழும்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள். வாகனங்கள் போய்விட்டன. அடுத்த வருடம் கடற்கரை மணலில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் ஷெல் விழுந்து இறந்துபோனார்கள். ஒரே பங்கருக்குள்.

அப்போது எங்கள் கிளிநொச்சிப் பொறுப்பாளராக இருந்தவர் லிண்டா மிஸ். டெக்சாஸ்காரி. ஓய்வு பெற்றபின் சொந்த ஊரில் பண்ணை வைத்திருக்கிறார். மாடு வளர்க்கவில்லை. போர் நடக்கும் நாடுகளுக்கு வேலைக்குப் போகும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அங்கே ஐந்து நாள் பயிற்சி கொடுக்கிறார். அதில் ஒரு பாடத்துக்குக் கேட் தேவை. கேட்டோடு நானும் தேவை என்று கடிதம் எழுதியிருந்தார்.

நியூவார்க் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னிடம் கேட்டார்: "எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

"ஒரு பயிற்சியில் பொதுமகனாக நடிக்க."

"ஊரில் என்ன செய்கிறீர்கள்?"

"பொதுமகன்தான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பெட்டி வரும் பட்டையில் என் பெட்டியும் வந்தது, பூட்டு இல்லாமல். சாதாரணப் பூட்டு இல்லை. அந்தக் கேட்டின் பூட்டு. அன்று வன்னியை விட்டு வெளியேறும்போது லிண்டா மிஸ் செவ்வாய்க்கிழமை திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்ததும் கையளிக்க வேண்டும் என்று பூட்டையும் சாவியையும் எடுத்து வைத்தேன். களஞ்சியக் காப்பாளன் பொருளைக் கையளிக்காமல் விடமாட்டான். பிறகு நாங்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊருக்கும் அந்தப் பூட்டு வந்தது. முகாமுக்கும் வந்தது. இப்போது அதைப் போட்டுத்தான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்தேன். எங்கேயோ வழியில் யாரோ அதை வெட்டித் திறந்து சோதித்துவிட்டு, வெட்டிய துண்டுகளையும் ஒரு அச்சடித்த கடிதத்தையும் உள்ளே வைத்திருந்தார்கள். அவ்வளவு ஷெல்லுக்குத் தப்பிய பூட்டை ஒரு மனிதர் மரியாதையாகக் கடிதம் வைத்து வெட்டியிருக்கிறார். சாவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் என் சின்னம்மாவின் மகன் குகன் இருக்கிறான். மருந்துக் கம்பெனியில் வேலை. அவன் காரில் ஏறியதும் பெல்ட் போடச் சொன்னான், பிறகு இடப்பக்கம் திரும்புவதற்காக வலப்பக்கம் போனான். வழி தவறிவிட்டானோ என்று நினைத்தேன். நியூ ஜெர்சியில் அப்படித்தானாம். வலப்பக்கம் போய், வளைந்து, சிக்னலில் நின்று, தெருவைக் கடந்தால் அது இடப்பக்கம். பெட்ரோல் நிலையத்தில் இறங்கப் போனவனைப் பிடித்து உட்கார வைத்தான். இந்த மாநிலத்தில் நாமே அடிக்கக் கூடாது, ஆள் வந்து அடிப்பார். இந்த ஒரு விஷயத்தில் நியூ ஜெர்சி வவுனியா மாதிரி. மற்ற விஷயங்களில் இல்லை.

குகனின் மகள் அஞ்சலிக்குப் பதினைந்து வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சுற்றிக்கொண்டு அவள் கேட்டாள்: "சண்டை நடந்தபோது நீங்கள் எல்லாரும் ஏன் அந்தக் கடற்கரையை விட்டுப் போகவில்லை?"

"எங்கை போறது பிள்ளை?"

"வேறு எங்கேயாவது."

"உன்ரை போனிலை அந்த இடத்தைப் பார்."

அவள் இடத்தின் பெயரைக் கேட்டு எழுதிப் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கம் களப்பு என்கிற உப்பு ஏரி. நடுவில் ஒரு மணல் கோடு. வடக்கிலும் தெற்கிலும் இராணுவம் எங்கே நின்றது என்று நான் விரலால் காட்டினேன். வெளியே வர முயன்றவர்களை உள்ளே துப்பாக்கியோடு நின்றவர்களும் விடவில்லை என்பதையும் சொன்னேன். அவள் படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள், மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு அகலவில்லை.

"ஓ," என்றாள். பிறகு எனக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

மூன்றாம் நாள் டெக்சாஸ். விமானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் அதற்குக் காவல் இருந்தார். ஆஸ்டினில் இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. அமெரிக்காவில் முதல் தடவையாக எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. வெளியே ஒரு பெரிய பிக்கப் வாகனத்தில் சாய்ந்தபடி லிண்டா மிஸ் நின்றார். தலை முழுக்க வெள்ளை. ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். கையை நீட்டினேன். கட்டிப்பிடித்தார். எங்கள் நிறுவனத்தில் அந்த வழக்கம் இருக்கவில்லை.

போகும் வழியில் ஒரு இறைச்சிக் கடையில் சாப்பிட நிறுத்தினார். பெரிய கொட்டகை. தட்டு இல்லை, மேசையில் பேப்பரை விரித்து அதன்மேல் இறைச்சியை வெட்டிப் போடுகிறார்கள். நான் மாடு சாப்பிடுவதில்லை என்று மிஸ் கவுன்டரில் சொன்னார். அங்கே நின்ற பெண் அதை மருத்துவப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு மிகவும் அனுதாபப்பட்டாள். அவள் அம்மாவுக்கும் ஒரு காலத்தில் அப்படி இருந்ததாம், இப்போது சுகமாம். எனக்கு வான்கோழியும் பீன்ஸும் கொடுத்தாள். லிண்டா மிஸ் பைக்குள் இருந்து ஒரு சிறு பொட்டலம் எடுத்து வைத்தார். பச்சை மிளகாய். கிளிநொச்சிக் கன்டீனில் நான் சோற்றோடு கடித்துச் சாப்பிட்டதை மறக்கவில்லை. அந்த மிளகாயில் உறைப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

பண்ணை வீட்டின் சமையலறை மேசையில் சாவியையும் பூட்டுத் துண்டுகளையும் வைத்தேன்.

"கேட் பூட்டு ஒன்று, சாவி ஒன்று. பூட்டு சேதம்," என்றேன். கையளிக்கும்போது நிலையைச் சொல்ல வேண்டும்.

அவர் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். இந்த நேரம் கேட்காவிட்டால் பிறகு கேட்கமாட்டேன் என்று தெரிந்தது.

"மிஸ், அன்றைக்கு நான் திறக்காமல் விட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?"

"பின்பக்கம் ஒரு வழி இருந்ததே, ராஜன்," என்றார் உடனே. "வயல் பாதை. அதால் போயிருப்போம். நீ திறந்ததால் எதுவும் மாறவில்லை. ஒன்றுமே மாறவில்லை."

அவ்வளவுதான். பதினாறு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைக்க அரை நிமிடம் போதுமாக இருந்தது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் செய்த மக்ரோனியை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். நல்ல மக்ரோனி என்றுகூடச் சொன்னேன்.

அன்று பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே அத்தானுக்கு அழைத்தேன். அங்கே காலை, அவர் பல்லு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், கேட்டனான். பின்பக்கத்தாலை போயிருப்பினமாம். வயல் பாதையாலை. நான் திறந்ததாலை ஒண்டும் மாறேல்லையாம்."

வாயைக் கொப்பளித்துத் துப்புவது கேட்டது.

"பின்பக்கத்தாலையோ?"

"ஓம் அத்தான்."

"ஓம்," என்றார். "அப்ப சரி. அப்ப சரியடா. சாப்பிட்டியோ?"

மக்ரோனி என்றேன். அது என்ன சாமான் என்று கேட்டார். விளக்கினேன். இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக ஒன்றாகச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பயிற்சியின் கடைசி நாள். பயிற்சிக்கு வந்தவர்கள் பதினைந்து பேர். பாடத்திட்டத்தில் எனக்கும் ஒரு பிரதி தந்தார்கள். வாகனத்தில் எப்படி உட்காருவது, கண்ணிவெடியை எப்படி அறிவது, சோதனைச் சாவடியில் எப்படிப் பேசுவது, கடைசியாகப் பாதுகாப்பாக எப்படி வெளியேறுவது. இதற்கு ஐந்து நாள். வெளியேறிய பிறகு அங்கேயே இருப்பவர்களைப் பற்றி அரை மணி நேரம் இருந்தது, வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதை நடத்த வேண்டியவருக்கு விமானம் பிந்தியதால் அந்த அரை மணியும் நடக்கவில்லை என்றார்கள்.

சனிக்கிழமைப் பாடம் கேட். உதவிக்காரர் வெளியேறப் போகிறார்கள், சனம் மறிக்கிறது, எப்படி வாகனத்தைக் கொண்டுபோவது? பண்ணையின் கேட் நம்பரை அழுத்தினால் தானாகத் திறக்கும் வகை. பாடத்துக்காக அதில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி என்னிடம்.

சனம் வேண்டுமே. லிண்டா மிஸ்ஸின் பக்கத்துக் குடியிருப்பில் கவிதா என்று ஒரு திருச்சிப் பெண் இருக்கிறாள், மென்பொருள் எஞ்சினியர். அவள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டு முப்பது தமிழர்களைச் சேர்த்திருந்தாள். பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். மடிப்புக் கதிரைகள், தண்ணீர்ப் பெட்டிகள், வெயில் கிரீம், பிள்ளைகள். யார் எலுமிச்சைச் சாதம், யார் தயிர் சாதம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டிருந்தார்கள். எல்லாரும் என்னை அங்கிள் என்றார்கள். அமெரிக்காவுக்கு வந்து ஒரு கிழமைக்குள் எனக்கு முப்பது மருமக்கள்.

"முன்னாடி சான் ரமோன்ல இருந்தோம் அங்கிள்," என்றாள் கவிதா. "அங்க ஒரு பாத்ரூம் வாங்குற காசுல இங்க வீடே கிடைக்குதுன்னு மூவ் பண்ணிட்டோம். நீங்க உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க. பிபி இருக்கா?"

பயிற்சியை நடத்துபவர் டைலர் என்ற முன்னாள் இராணுவக்காரர். கழுத்தில் விசில். சனத்துக்கு முன்னால் நின்று சொன்னார்: "உங்களுக்குப் பயம். உங்களுக்குக் கோபம். இவர்கள் உங்களைக் கைவிட்டுப் போகிறார்கள். வாகனத்தை விடாதீர்கள்."

விசில் ஊதினார். இரண்டு வாகனங்கள் மெதுவாக வந்தன. முப்பது பேரும் எழும்பி, கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமல் தானாகவே வரிசை. முதியவர்களை முன்னால் விட்டார்கள். முதலில் நின்ற அம்மா கேட் கம்பிக்குள்ளால் கையை நீட்டி, வாகனத்தில் வந்த பயிற்சி டாக்டரிடம் அலுமினியத் தாளில் சுற்றிய இட்லியைக் கொடுத்தார். டாக்டர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

டைலர் விசில் ஊதினார். "முன்பின் தெரியாத ஆட்களிடம் உணவு வாங்கக் கூடாது!"

"தெரியாத ஆளு இல்லையே," என்றாள் கவிதா என்னிடம். "நேத்தே எல்லாரோட பேரும் மெயில் பண்ணேனே."

டைலர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் திரும்பி வந்து அறிவித்தாள்: "காரைப் புடிச்சு ஷேக் பண்ணணுமாம். கத்தணுமாம். கல்லு வேணாம், பாட்டில் தூக்கிப் போடலாமாம், காலி பாட்டில். பேக் பெயின் இருக்கறவங்க இப்பவே சொல்லிடுங்க."

ஏழு பேர் கையைத் தூக்கினார்கள்.

டைலர் என்னிடம் வந்தார். நேரில் கண்டவன் நான்தானே. "உங்கள் ஊரில் சனம் எப்படி மறித்தது? சொல்லிக்கொடுங்கள்," என்றார்.

"இப்படித்தான்," என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான். கிளிநொச்சியில் யாரும் கல் எறியவில்லை. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். "போகாதேங்கோ" என்று மட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். வெயில் ஏறியதும் பக்கத்து வீடுகளில் தேத்தண்ணி போட்டு, கேட் கம்பிக்குள்ளால் எங்களுக்கும் தந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் காலையில் இருந்து ஒன்றும் குடிக்கவில்லையாம், பாவமாம். அக்கா தந்த பால் இல்லாத பிளேன்ரீயை லிண்டா மிஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். சீனி போதாது என்று மிஸ் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை செய்யலாம் என்றார் டைலர். முதல் வாகனத்தை ஓட்ட வேண்டிய நர்ஸுக்கு வெயிலில் தலை சுற்றியதால் லிண்டா மிஸ் தானே ஏறினார். எனக்கு ஒரு தாள் தந்திருந்தார்கள். அதில் நான் சொல்ல வேண்டிய வசனம் இருந்தது: "வழி விடுங்கள். இவர்கள் திரும்பி வருவார்கள்." சொல்லிவிட்டுப் பூட்டைத் திறக்க வேண்டும். பெரிய வேலை இல்லை, செய்து பழகியதுதான்.

விசில் ஊதியது. சனம் இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டது, முதுகுவலிக்கு அது சுகம். கேட்டுக்கு நேர் முன்னால் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி இருந்தாள். மடியில் குழந்தை. பேப்பர் தட்டால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள். அக்கா இருந்த இடம் அதேதான். அக்காவின் கையில் இருந்தது பனையோலை விசிறி.

வாகனம் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. லிண்டா மிஸ் என்னைப் பார்த்தார். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தார். திற என்று சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்ட பார்வை.

நான் வாயைத் திறந்தேன். வழி விடுங்கள் என்ற சொல் வரவில்லை. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். கம்பி வேலிக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் போய், விசிறிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"ஸீன் மாத்திட்டாங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

"அப்ப நாங்க என்ன பண்ணணும்?"

"இருங்கோ. அவ்வளவுதான்."

டைலரின் வாக்கிடாக்கி கத்தியது: கேட், கேட், ஏன் திறக்கவில்லை? ஐந்து நிமிடம் போனது. குழந்தை என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. இன்னும் ஐந்து நிமிடம். பின் வாகனத்தில் இருந்த பயிற்சிக்காரர்கள் பாடப் புத்தகத்தைப் புரட்டுவது தெரிந்தது.

முன் வாகனத்தின் எஞ்சின் நின்றது. லிண்டா மிஸ் இறங்கினார். காலை இழுத்துக்கொண்டு வந்து, வேலிக் கம்பியைப் பிடித்துச் சிரமப்பட்டுக் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். என் மற்றப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. மற்றதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"அன்றைக்கு நான் இதைத்தான் செய்திருப்பேன், ராஜன். போ என்று எனக்கு உத்தரவு. மறுத்தால் வேறு ஆளை அனுப்பி எல்லாரையும் கொண்டுபோயிருப்பார்கள். ஆனால் கேட் திறக்கவில்லை என்றால் அது என் பிழை இல்லை. 'வெளியேற முடியவில்லை, தங்குகிறோம்' என்று ரேடியோவில் சொல்வதற்கு ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருந்தேன். பத்து நிமிடம் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்காதே, திறக்காதே என்று."

"பின்பக்கம் வழி இருந்தது என்று நேற்றுச் சொன்னீர்களே?"

"நேற்று நீ களைத்துப்போய் வந்திருந்தாய்."

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, நல்ல கோபம். ஒரு மனுஷி வாயைத் திறந்து 'திறக்காதே' என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். தேத்தண்ணி வாங்கிக் குடித்த வாய்தானே. அதைச் சொல்லத்தான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டெக்சாஸ் வெயிலில் எல்லாரும் போடுவார்கள், அதனால் அழுதாரா என்று தெரியவில்லை. பிறகு யோசித்தேன். "மிஸ், நிக்கிறியளோ, போறியளோ?" என்று நானும் கேட்டிருக்கலாம். நானும் ஒரு சொல் பேசவில்லை. உத்தரவுக்கு அவர் பயந்தார், அவருக்கு நான் பயந்தேன், எனக்காக அக்கா எழும்பினாள். நாங்கள் நின்றிருந்தால் ஷெல் விழுந்திருக்காது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. விழுந்திருக்கும் என்றும் முடியாது.

டைலர் வந்து, இந்தப் பயிற்சியை வெற்றி என்று எழுதுவதா தோல்வி என்று எழுதுவதா என்று கேட்டார். "எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று எழுது," என்றார் லிண்டா மிஸ். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. கவிதா எழும்பிச் சேலையைத் தட்டி, "சாப்பாடு சூடு ஆறுது, ரிசல்ட் அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். மரத்துக்கு அடியில் பாத்திரங்களைத் திறந்தார்கள். பயிற்சிக்காரர்கள் முன்பின் தெரியாத ஆட்களிடம் தயிர் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். தலை சுற்றிய நர்ஸ் என்னிடம் வந்து, அடுத்த மாதம் தான் போகும் நாட்டில் இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

புறப்படும்போது லிண்டா மிஸ் பழைய சாவியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கையளித்தது கையளித்ததுதான்.

திரும்பும் வழி முழுவதும் எனக்கு ஒரே யோசனை, அத்தானிடம் என்ன சொல்வது. பொய்யைச் சொல்லிச் சந்தோஷப்படுத்தியாகிவிட்டது. அதை அப்படியே விடலாம். விட்டால் எனக்கும் சுகம், அவருக்கும் சுகம். விமானத்தில் கொடுத்த பாஸ்தாவைப் பார்த்ததும் மக்ரோனி ஞாபகம் வந்து மூடி வைத்துவிட்டேன்.

வவுனியா பஸ் நிலையத்தில் அத்தான் வந்து நின்றார். கையில் குடை, மழை இல்லை. என்னைப் பார்த்து நான் மெலிந்துவிட்டேன் என்றார். அவருக்கு நல்லெண்ணெய்ப் போத்தல் மாதிரி ஒன்றைத் தந்தேன், முழங்காலுக்கு டெக்சாஸில் வாங்கிய தைலம். வாங்கி மணந்து பார்த்தார். அங்கேயே, சனம் இடித்துக்கொண்டு போகும் இடத்தில் நின்று சொன்னேன்.

"அத்தான், நான் போனிலை சொன்னது பொய். பின்பக்கத்தாலை போயிருக்க மாட்டினம். நான் திறக்காட்டி நிண்டிருப்பினம். மிஸ்ஸே சொன்னவ."

அவர் தைலத்தின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்னெண்டு?"

"பின்பக்க வயல் பாதையை அண்டைக்கு விடியக்காலமையே என்ரை ட்ராக்டரைக் குறுக்கை விட்டு மறிச்சு வச்சனான். சில்லையும் கழட்டிப்போட்டன். உன்ரை அக்காதான் சொன்னவ, நீங்கள் பின்னாலை மறியுங்கோ, முன்கேட்டிலை தம்பி நிக்கிறான், அவன் பாத்துக்கொள்ளுவான் எண்டு. அதாலை ஒரு குஞ்சும் போயிருக்க ஏலாது."

பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

"அப்ப நான் போனிலை பின்பக்கத்தாலை எண்டு சொல்லேக்கை ஏன் அத்தான் ஓம் எண்டனியள்?"

அத்தான் என் பெட்டியைத் தூக்கிப் பாரம் பார்த்தார். ஆட்டோவைத் தேடித் தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"பதினாறு வருஷத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நீ வாய் விட்டுச் சிரிச்சுக் கதைச்சனி. அதுக்குள்ளை நான் அந்த ட்ராக்டரை எங்கை கொண்டுபோய் விடுறது?"